பழைய பத்திரிகை என்ன, பழைய பேப்பரா?

 

"எல்லாம்தான் செல்போனில் வந்துவிட்டதே! இந்தப் பத்திரிகைக் கட்டுகளை இன்னும் எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஸ்கேன் பண்ணிவிட்டு எடைக்குப் போடுங்கள்!"

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இன்று மஹல்லா தோறும் கேட்கும் பேச்சு இது. பள்ளிவாசலுக்கு வெள்ளை அடித்தாலும் சரி, மதரஸாவுக்குப் புதுக் கட்டிடம் எழுப்பினாலும் சரி, முதலில் வெளியே தூக்கி வைக்கப்படுவது நூலக பீரோதான். திரும்ப உள்ளே போகும்போது பீரோ மட்டும் போகிறது. உள்ளே இருந்த இதழ்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன.

ஸ்கேன் செய்வதை நாம் எதிர்க்கவில்லை. இன்றே செய்யுங்கள், வேகமாகச் செய்யுங்கள். லெப்பைக்குடிக்காட்டில் அச்சிதழாக இருப்பதை தம்மாமில் வேலை பார்க்கும் தம்பி அன்றிரவே படிக்க முடியும் என்றால் அது அல்லாஹ் நமக்குத் தந்த வசதி. ஆனால் நகல் எடுத்த கையோடு மூலத்தை அழிக்கத் துணிகிறீர்களே, அதைத்தான் கண்டிக்கிறோம்!

எதை எடைக்குப் போடுகிறீர்கள்?

80களிலும் 90களிலும் ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் விரித்து விற்கப்பட்ட இதழ்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மதரஸா ஆண்டு விழா, நிவாரண நிதி கொடுத்தோர் பட்டியல், ஊர்ப் பெரியவரின் வஃபாத் செய்தி, புதுப் பள்ளி திறப்பு, 1992 டிசம்பர் 6க்குப் பிறகு தெருவுக்கு வந்த சமுதாயத்தின் கண்ணீர், இடஒதுக்கீடு கேட்டு நடந்த கூட்டங்கள், எல்லாம் அதில் இருக்கும். பெரிய நாளிதழ்கள் இரண்டு வரியில் முடித்த செய்தியை நம் இதழ்கள் ஊர்ப்பெயரோடும் ஆள்பெயரோடும் எழுதின. 2007இல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன் எத்தனை ஆண்டுகள், எத்தனை ஊர்களில், யார் யார் குரல் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் அரசு கெஜட்டில் கிடைக்காது. நீங்கள் எடைக்குப் போடும் கட்டில்தான் இருக்கிறது.

தமிழ் முஸ்லிம்களின் பத்திரிகை வரலாறு சிறியதல்ல. 1882இல் கண்டியில் சித்தி லெவ்வை 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைக் கொண்டு வந்தார். பா. தாவூத்ஷாவின் 'தாருல் இஸ்லாம்' 1957 வரை வெளிவந்தது. மேடை ஏறினால் இந்தப் பெயர்களை அடுக்கிப் பெருமை பேசுகிறோமே, இவற்றில் ஒன்றின் முழுத் தொகுப்பையாவது பாதுகாத்து வைத்திருக்கும் ஜமாஅத் எது? 'சிங்கை நேசன்' இன்று சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் நுண்படச் சுருளாக இருக்கிறது. நம் பாட்டனின் எழுத்தை அடுத்தவர்தான் காப்பாற்றித் தர வேண்டுமா?

கோட்டையூரில் சைன்போர்டு எழுதும் ஓவியர் ஒருவர் இருந்தார். ரோஜா முத்தையா என்று பெயர். அரசுப் பணமும் இல்லை, அமைப்புப் பணமும் இல்லை. தனி மனிதராகத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது அந்தத் தொகுப்பு ஒரு லட்சம் அளவுக்கு வளர்ந்திருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. அங்கே முதலில் நுண்படம் எடுத்தார்கள், பிறகு ஸ்கேன் செய்தார்கள். அதற்காக மூலத்தைக் குப்பையில் கொட்டினார்களா? இல்லை! சைன்போர்டு எழுதியவருக்கு இருந்த அக்கறை, நிர்வாகக் குழுவும் உண்டியலும் வைத்திருக்கும் நமக்கு ஏன் இல்லை?

கம்ப்யூட்டர் தேடித் தந்துவிடுமா?

"பெயரை அடித்தால் ஒரு நொடியில் வந்துவிடும்" என்கிறார்கள். நம் மாவட்டத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. ஆக, ஜெயங்கொண்டத்துச் செய்தி 1990 இதழில் திருச்சி மாவட்டத்தின் கீழ் இருக்கும், 1997 இதழில் பெரம்பலூரின் கீழ் இருக்கும், 2008 இதழில் அரியலூரின் கீழ் இருக்கும். 'அரியலூர் மாவட்டம்' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்கு இந்த வரலாறு தெரியுமா?

லெப்பைக்குடிக்காட்டை ஒருவர் 'லப்பைக்குடிக்காடு' என்று எழுதினார், இன்னொருவர் 'லெப்பைகுடிகாடு' என்று எழுதினார். மங்கிய அச்சில் ஓர் எழுத்தை இயந்திரம் தவறாகப் படித்தாலும் அந்தச் செய்தி காணாமல் போய்விடும். பக்கம் பக்கமாகப் புரட்டும் மனிதனின் கண்ணுக்குத்தான் அது அகப்படும். தேடாத செய்தி ஒன்றும் கூடவே கிடைக்கும்.

கம்ப்யூட்டருக்குச் சாவு இல்லையா?

90களில் நம் இதழ்கள் பலவும் கம்ப்யூட்டரில் அச்சுக் கோக்கப்பட்டவைதாம். ஆளுக்கொரு எழுத்துரு, அதற்கொரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த இணைய மாநாட்டில் தமிழக அரசு 'டாம்', 'டாப்' குறியீடுகளை வகுத்தது. 2010 ஜூனில் அதே அரசு யூனிகோடுக்கு மாறியது. பழைய பிளாப்பியைப் போட இன்று கருவி தேட வேண்டும். கருவி கிடைத்தாலும் பழைய எழுத்துரு இல்லாமல் திறந்தால் புரியாத கிறுக்கல்தான் தெரியும். ஆனால் அதே ஆண்டு அச்சான இதழ்? எடுத்துப் பிரித்தால் அப்படியே படிக்கலாம்! முப்பது ஆண்டுக்குள் செத்துப்போனது எது? கம்ப்யூட்டரா, காகிதமா?

"அது அந்தக் காலம், இப்போது எல்லாம் பாதுகாப்பு" என்பீர்கள். 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது சைபர் தாக்குதல் நடந்தது. நூற்பட்டியலைக்கூட மாதக் கணக்கில் இணையத்தில் பார்க்க முடியவில்லை. அலமாரியில் இருந்த நூல்களோ அசையாமல் இருந்தன. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் இணைய ஆவணக் காப்பகமும் தாக்கப்பட்டுச் சில நாட்கள் முடங்கியது. அவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்ததும் மறைந்துபோகும் நம் இணையதளங்கள் எம்மாத்திரம்?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இணையத்தில் ஏற்றிய கட்டுரையை, கடவுச்சொல் வைத்திருப்பவர் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றலாம், நீக்கலாம். நம் அமைப்புகள் எத்தனை முறை உடைந்திருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உடையும் ஒவ்வொரு முறையும் நேற்றைய தலைவரின் படமும் எழுத்தும் காணாமல் போகின்றன. ஆயிரம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த அச்சிதழை யாரால் திருத்த முடியும்? தாவூத்ஷாவோடு அன்றைய உலமாக்கள் கடுமையாக மோதினார்கள். அதற்காக அவருடைய இதழைக் கொளுத்திவிட்டால் அவர் என்ன எழுதினார், உலமாக்கள் எதை மறுத்தார்கள் என்பதை எதை வைத்துச் சொல்வது? நமக்குப் பிடிக்காதவரின் இதழையும் சேர்த்து வைப்பதுதான் நேர்மை.

காகிதம் மட்டும் போதுமா?

போதாது! பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு யாரையும் தொடவிடாத பெரியவர்களே, உங்களையும் விடுவதாக இல்லை. பத்திரிகைக் காகிதம் மட்டமான காகிதம். தன்னிலுள்ள அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். மீதியைக் கரையான் பார்த்துக்கொள்ளும். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை ஒரே இரவில் இல்லாமல் போயின. அந்த வலியை அறிந்த ஈழத் தமிழர்கள்தாம் 2005இல் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள்.

ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருப்பது எதுவானாலும் ஆபத்துதான். மார்க்கம் நமக்குக் காட்டிய வழியும் இதுதானே? யமாமா போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதானபோது, மனனம் இருக்கிறதே என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் சும்மா இருக்கவில்லை. எழுத்தில் திரட்டச் செய்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் ஒரே பிரதியோடு நிற்கவில்லை. பல நகரங்களுக்கும் பிரதி அனுப்பினார்கள். எழுத்து வந்துவிட்டது என்று மனனத்தை விட்டார்களா? இன்றுவரை இரண்டும் இருக்கிறது!

சட்டம் என்ன கேட்கிறது?

2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டால் வக்ஃப் ஆகும் வகையை இனி வருபவற்றுக்கு நீக்கிவிட்டது. இருக்கும் வக்ஃப் சொத்துகளின் விவரங்களை 'உமீத்' தளத்தில் ஏற்றச் சொன்னது. 2025 ஜூன் முதல் முத்தவல்லிகள் காகிதம் தேடி அலைந்ததை நாடே பார்த்தது. பத்திரிகைச் செய்தி பட்டா ஆகிவிடாது, உண்மைதான். ஆனால் இந்த ஆண்டில் இந்த இடத்தில் பள்ளி இருந்தது, இன்னார் இடம் கொடுத்தார் என்ற துப்பு அதில் கிடைக்கும். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகலாம்.

அதே பீரோவில் இருக்கும் தப்தரையும் ரசீதுப் புத்தகத்தையும் மறக்காதீர்கள். 30 ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்தை உண்மையென நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. அந்தச் சலுகை மூலத்துக்குத்தான், நகலுக்கு அல்ல. கம்ப்யூட்டர் பதிவைக் காட்டினால் அதற்குத் தனிச் சான்றிதழ் கேட்பார்கள். மூலத்தை எடைக்குப் போட்டுவிட்டு செல்போனை நீட்டுவீர்களா?

மரியாதையின் பெயரால்

இறைவசனம் அச்சான இதழைப் பொட்டலம் மடிக்கக் கூடாது என்ற பேணுதலில் சிலர் கிணற்றில் போடுகிறார்கள், சிலர் எரிக்கிறார்கள். பேணுதலைப் பாராட்டுகிறோம். ஆனால் கிழிந்து மக்கி, படிக்கவே முடியாமல் போனதைத்தான் துணியில் சுற்றி, கால் மிதிபடாத இடத்தில் அடக்கம் செய்யச் சொல்லித் தருகிறது ஹனஃபி ஃபிக்ஹ். நன்றாக இருக்கும் இதழுக்கு ஏன் ஜனாஸா நடத்துகிறீர்கள்? மரியாதை செய்ய வேண்டுமென்றால் பைண்டு செய்து வையுங்கள்!

"இடத்தை அடைக்கிறது" என்பவர்களுக்கு ஒரு சொல். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட, பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதிலை உடைத்துக் கல் எடுத்துப் போனார்கள். அணையால் பயன் இல்லையென்று யாரும் சொல்லவில்லை. கல்லை வேறிடத்திலும் வெட்டியிருக்கலாம். போன மதிலை எங்கே போய்க் கொண்டுவருவது? ஒரு பீரோவின் இடத்துக்காக நாமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது என்ன?

ஒவ்வொரு ஜமாஅத்தும் இரண்டு பேரை நியமிக்கட்டும்: இதழ்களை அறிந்த பெரியவர் ஒருவர், கம்ப்யூட்டர் அறிந்த இளைஞர் ஒருவர். முதலில் என்னென்ன இருக்கிறது என்று நோட்டில் பட்டியல் எழுதுங்கள். வீட்டுப் பரண்களில் இருப்பதைத் தாய்மார்களிடம் கேட்டு வாங்குங்கள். விளம்பரப் பக்கத்தையும் விடாமல் முழு இதழையும் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் படத்தின் தரம் குறையும். அதைச் சேமிப்பு என்று எண்ண வேண்டாம். ஹார்ட் டிஸ்க் பிரதிகளை மூன்று இடங்களில் வையுங்கள்: ஒன்று பள்ளியில், ஒன்று வேறு ஊரில், ஒன்று வெளிநாட்டில் இருக்கும் சகோதரரிடம். ஆண்டுக்கொரு முறை திறந்து சரிபாருங்கள். ஊர்ப்பெயர்களுக்கு அட்டவணை எழுதுங்கள், பழைய மாவட்டப் பெயரையும் சேர்த்து! கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை காய்ந்து தாளையே தின்னும். ஈரச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். இரண்டு பிரதி இருந்தால் ஒன்றை ரோஜா முத்தையா நூலகத்துக்கோ புதுக்கோட்டை ஞானாலயாவுக்கோ கொடுக்க முன்வாருங்கள்.

கடனைக்கூட எழுதி வைக்கச் சொல்கிறது குர்ஆனின் மிக நீண்ட வசனம். சில நூறு ரூபாய்க் கடனுக்கே எழுத்து வேண்டுமென்றால், ஒரு சமுதாயத்தின் வாழ்வுக்கு வேண்டாமா? நாளை நம் பேரன், "இந்த ஊரில் நாம் எத்தனை காலமாக இருக்கிறோம் அத்தா?" என்று கேட்கும்போது எதைக் காட்டப் போகிறோம்? எடைக்காரர் தந்த சில்லறையையா?

சமுதாயமே, சிந்திப்பாயாக! வரும் ஜும்ஆவுக்குள் உங்கள் பள்ளி பீரோவைத் திறந்து பாருங்கள். வல்ல அல்லாஹ் நமக்கு நல்லறிவையும் பொறுப்புணர்வையும் தருவானாக! வஸ்ஸலாம்.