ஜீப் கிளம்பிய பிறகு திறக்கும் ஆஸ்பத்திரி



கம்பத்திலும் போடியிலும் உத்தமபாளையத்திலும் பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் நிரம்பிவிடுகின்றன. மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் நமது பெண்கள் திரும்பி வந்து இறங்கும்போது இருட்டத் தொடங்கிவிடும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அங்கே மாத்திரைக்குக் காசு கேட்பதில்லை, ஊசிக்கும் கேட்பதில்லை. ஆனால் அதை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுத்தர வேண்டும். கூலியை இழந்து வாங்கும் மருந்துக்கு இலவசம் என்று பெயர் வைத்தவர் யார்?

மருத்துவத் துறையைச் சீர்திருத்த வேண்டும் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். மேலே உள்ளவர்கள் அப்படிச் சொன்னால் அதற்கு இன்ஷூரன்ஸ் அட்டை என்று பொருள். 2009 ஜூலையில் ஒரு பெயரில் வந்தது. 2012 ஜனவரியில் வேறு பெயர் பெற்றது. 2018இல் மத்திய சர்க்காரின் திட்டத்தோடு சேர்ந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்றார்கள். இந்த அட்டையால் இருதய ஆபரேஷன் செய்து பிழைத்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தவனுக்குத்தான் உதவுகிறது. நடமாடிக்கொண்டே நோயைச் சுமப்பவன் என்ன செய்வான்? சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வரும் தலைசுற்றல், பஞ்சுத் தூசியால் வரும் இழுப்பு, இவற்றுக்கெல்லாம் அட்டை டிரங்குப் பெட்டியில் தூங்குகிறது. பொதுக் கஜானாவிலிருந்து போகும் பணத்தில் ஒரு பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்லாகக் கரைகிறது. நம் பணம் நம் ஆஸ்பத்திரிக்கு வராமல் ஏன் சுற்றிப் போக வேண்டும்?

பஞ்சாலைத் தோழர்கள் தங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 100 ரூபாய் சம்பளத்துக்கு 75 காசு ஈ.எஸ்.ஐ. பிடித்தம், முதலாளி கட்டுவது 3 ரூபாய் 25 காசு. 2019 ஜூலைக்கு முன்பு முதலாளியின் பங்கு 4 ரூபாய் 75 காசாக இருந்தது. நமக்கு ஒரு ரூபாய் குறைத்ததைப் பெரிதாகச் சொன்னவர்கள், முதலாளிக்கு ஒன்றரை ரூபாய் குறைத்ததை மெல்லத்தான் சொன்னார்கள்! இருந்தாலும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஈ.எஸ்.ஐ.யின் சிறப்பு ஒன்றை மறக்கக்கூடாது. சிகிச்சையோடு அது நிற்பதில்லை. தொழிலாளி நோயில் படுத்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கொடுக்கிறது. அவன் படுத்திருக்கும்போதும் வீட்டில் அடுப்பு எரிகிறது. (பதிவேட்டில் பெயரே ஏறாத காண்டிராக்ட் தொழிலாளிக்கு இது எட்டாக்கனி என்பது வேறு சண்டை.)

அதே தொழிலாளியின் மனைவி திராட்சைத் தோட்டத்திலோ ஏலத்தோட்டத்திலோ கூலி வேலை செய்கிறாள் என்று வையுங்கள். கணவனின் ஈ.எஸ்.ஐ.யில் அவளுக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் அவள் இழந்த கூலிக்கு ஒரு காசு கிடையாது. அவள் உழைப்பு உழைப்பில்லையா?

எல்லோருக்கும் கொடுப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. வேல்ஸ் நாட்டில் டிரெடிகர் என்ற சுரங்க ஊரில், தொழிலாளர்கள் சம்பளத்தில் சிறு தொகை போட்டுச் சொந்தமாக டாக்டர்களை வைத்திருந்தார்கள். அந்த ஊரில் 13 வயதில் சுரங்கத்தில் இறங்கிய அனூரின் பெவன்தான் பின்னால் பிரிட்டனின் சுகாதார மந்திரியானார். 1948 ஜூலை 5 முதல் அந்த நாட்டில் எல்லோருக்கும் காசில்லா வைத்தியம் வந்தது. யுத்தத்தில் நொடித்துப்போன நாடு அது! மூக்குக் கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் காசு வாங்கத் தீர்மானித்தபோது, 1951இல் அவர் மந்திரி பதவியையே விட்டுவிட்டார். ஓர் ஊர்த் தொழிலாளிகளின் ஏற்பாடு ஒரு தேசத்தின் ஏற்பாடாக வளர்ந்தது. ஆலைக்குள் நிற்கும் ஈ.எஸ்.ஐ.யின் உரிமை வயலுக்கும் மலைக்கும் ஏன் வளரக்கூடாது?

பணம் எங்கே என்பார்கள். 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை மக்கள் சுகாதாரத்துக்குச் செலவிடுவோம் என்று 2017இல் மத்திய சர்க்கார்தான் கொள்கை வெளியிட்டது. 2021-22 கணக்குப்படி செலவானது 1.84 சதவீதம். அதே ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 100க்கு 39 ரூபாயை மக்கள் தங்கள் மடியிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். கிழவனுக்கும் கிழவிக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஆனால் பகலில் மலையில் இருப்பவளின் வீட்டுக் கதவைத் தட்டி என்ன பயன்? க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் நமக்குப் பெரிய பலம்தான். கம்பத்துக்காரன் அங்கே போக வேண்டுமானால் தேனியையும் தாண்ட வேண்டும்.

ஆகவே ஜீப்புகள் வந்திறங்கும் ஊர்களில், ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரவு 8 மணி வரை சீட்டுக் கொடுக்க வேண்டும். இருக்கிற ஒரே டாக்டரையும் நர்சையும் இரட்டை வேலை வாங்கி இதைச் செய்யக்கூடாது, அவர்களும் உழைப்பாளிகளே. புதிய இடங்களை உருவாக்கி நிரந்தர ஆட்களை நியமிக்க வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு நோய்க்காலக் கூலி வேண்டும். அதற்குத் தோட்ட முதலாளியும் சர்க்காரும் பங்கு கட்டட்டும்.

மே 1ஆம் தேதி ஊராட்சிகளில் கிராம சபை கூடுவது வழக்கம். மாலை ஓ.பி. கேட்டு ஒவ்வொரு ஊரிலும் தீர்மானத்தை இப்போதே எழுதி வையுங்கள். முதல் கையெழுத்தை ஜீப்பில் போகும் பெண்கள் போடட்டும். பஞ்சாலைச் சங்கத் தோழர்கள் சபையில் பக்கத்தில் நிற்க வேண்டும்.