உங்கள் அட்சரேகை என்ன?

‘நீ நீயாக இரு’ என்று சொல்லிக் கொடுக்க இப்போது ஃபீஸ் வாங்குகிறார்கள். இரண்டு நாள் வகுப்பு. மதியச் சாப்பாடு உண்டு. முடிந்து வெளியே வருகிற நூறு பேரும் ஒரே மாதிரி கை குலுக்குகிறார்கள், ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். நான் காமர்ஸ் படித்தவன். எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் மாஸ் புரொடக்‌ஷன்.

இன்னொரு பக்கம் அப்பா, அம்மாக்கள். பக்கத்து வீட்டுப் பையன் எந்தக் கோச்சிங்கோ, நம்ம பையனும் அதே கோச்சிங். இரண்டு கூட்டமும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுதான்: நான் நிற்கிற இடத்திலிருந்து, மற்றவனுக்குத் தெரியாத எது எனக்குத் தெரிகிறது?

அந்தக் கேள்விக்குப் பதில் ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர். 1960-களில் விஞ்ஞானி வைணு பாப்பு, நட்சத்திரம் பார்க்க இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். உயரத்தை வைத்து மார்க் போட்டால் காவலூர் ஃபெயில். ஹவாய்த் தீவின் மவுனா கேயா 4,200 மீட்டர். காவலூர் சுமார் 725 மீட்டர்தான். போதாததற்கு மழைக்கால மேகம் வேறு.

ஆனால் பாப்பு உயரத்தோடு நிற்கவில்லை, அட்சரேகையையும் பார்த்தார். பூமத்திய ரேகையிலிருந்து வெறும் 12½ டிகிரி. வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். ஊர் வெளிச்சத்தின் தொல்லையும் கிடையாது. நம்ம ஆட்களே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு 1968-ல் வேலை தொடங்கியது.

1972-ல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. ஆமாம், இறக்குமதிதான். கருவியை வெளியே வாங்குவதால் யாருடைய தனித்துவமும் போய்விடாது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போனது. பூமியின் சில பகுதிகளுக்கு மட்டுமே தெரிகிற காட்சி. அதைப் பிடிக்க அமெரிக்கர்கள் விமானத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தார்கள். காவலூர்க்காரர்கள் உட்கார்ந்த இடத்திலேயே, நட்சத்திர ஒளி மங்குவதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

பிறகு, இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி. பாப்பு அதைப் பார்க்கவில்லை; 1982-லேயே இறந்துவிட்டார். 1986-ல் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது பாப்புவின் பெயரையே வைத்தார்கள்.

‘அதெல்லாம் சரி சார், உயரமான இடம் கிடைத்தால் போவதுதானே புத்திசாலித்தனம்?’ என்பீர்கள். போகட்டுமே! இதே நிறுவனம் லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், 2000-ல் தொலைநோக்கி வைத்தது. அதற்காகக் காவலூரைப் பூட்டிவிடவில்லை. 2014-ல் இங்கே 1.3 மீட்டரில் இன்னொன்றைச் சேர்த்தார்கள். காவலூருக்குத் தெரிகிற தெற்கு வானம் அத்தனையும் ஹான்லேக்குத் தெரியாது.

ஆலங்காயத்துப் பிள்ளையை அண்ணாநகர்ப் பிள்ளை மாதிரி ஆக்கத் துடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முடியை நீலமாக்கிக்கொண்டு ‘நான் வேற மாதிரி’ என்கிற இளைஞர்களும்தான். வித்தியாசமாகத் தெரிவது சுலபம். தன் இடத்திலிருந்து தெரிவதைப் பார்த்து, அதில் பத்து இருபது வருஷம் உழைப்பதுதான் கஷ்டம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்கு லீவு விட்டு, உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: “மத்தவங்க கவனிக்காத எது உன் கண்ணுல படுது?” உடனே பதில் வராது. கொஞ்சம் காத்திருங்கள். நடுவில் பக்கத்து வீட்டுப் பையன் பேரை மட்டும் எடுக்காதீர்கள்.