புற்றன்று என்றாலும் காத்திருக்கலாகாது

மங்களூர், விருத்தாசலம் வட்டாரங்களிலிருந்து, கண்ணோரம் வீங்கிய கைக்குழந்தையுடன் வரும் பெற்றோர் முதலில் கேட்பது, “இது புற்றுநோயா?” என்பதே. இல்லை என்றதும் நிம்மதியுடன் ஊர் திரும்பி, மறுபரிசோதனைக்கு வராமலே இருந்துவிடுவோரும் உண்டு. அந்த நிம்மதி நியாயமானதே. ஆயினும் அது பாதி விடை மட்டுமே என்பது எங்கள் கருத்து.

குழந்தைகளின் கண்குழிக் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றல்ல. புருவத்தின் வெளியோரத்தில் உருண்டையாக, மெல்ல வளர்வது டெர்மாய்டு கட்டி. உறை கிழியாமல் முழுமையாக அகற்றினால் அது பொதுவாக மீண்டும் வருவதில்லை. இரத்தநாளக் கட்டியோ பிறந்த சில வாரங்களில் சிவந்தோ நீலம் பாரித்தோ தோன்றி, முதல் 5 மாதங்களில் விரைந்து பெருக்கும். பின்னர்ச் சில ஆண்டுகளில் தானே சுருங்கும்.

“தானே போய்விடும்” என்று பெரியோர் சொல்வது பொய்யன்று. ஆனால் அதற்குள் கட்டி கருமணியை மறைத்தாலோ, விழியை அழுத்தி அதன் வடிவை மாற்றினாலோ, மூளை அக்கண்ணைப் புறக்கணிக்கத் தொடங்கிவிடும். பிறகு கட்டி மறையும்; பார்வை திரும்பாமற் போகலாம். சூளைக்குள் போகுமுன் களிமண்ணைத் திருத்தலாம், சுட்ட பின் இயலாது என்பதைப் பீங்கான் தொழில் அறிந்த நம் ஊராருக்கு விளக்க வேண்டியதில்லை.

2008இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள், இதய நோய்க்கு வழங்கப்படும் ப்ரொப்ரனலால் மருந்து இக்கட்டியைச் சுருக்குவதை அறிவித்தனர். இன்று பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவையின்றியே சிகிச்சை அமைகிறது. பாலூட்டிய பின்னரே மருந்தைத் தர வேண்டும். குழந்தை பால் குடிக்காமலோ வாந்தியெடுத்தோ இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரை அழையுங்கள். இரத்தச் சர்க்கரை குறையக்கூடும்.

எல்லாக் கட்டிக்கும் மருந்து தேவையில்லை. சிறியதைக் கவனித்திருந்தாலே போதும். ஆனால் கவனித்தல் என்பது குறித்த நாளில் பார்வையைச் சோதித்தல், வீட்டில் காத்திருத்தலன்று.

புதுச்சேரிக்கோ சென்னைக்கோ செல்வதில் ஒரு நாள் கூலி போகும் என்பதை அறிவோம். எனவே, 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிக்குச் செல்லும்போதே குழந்தையின் இரு கண்களையும் கிராமச் செவிலியரிடம் காட்டுங்கள். கட்டி விரைந்து வளரும் காலமும் அதுவே. சில நாள்களுக்குள் பெருத்த வீக்கம், துருத்திய விழி, வெண்ணிறக் கருமணி ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே புறப்படுங்கள். கைவைத்தியச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள்.