பிள்ளையையே கேட்டால் என்ன?

நமது சங்கத்தின் மருத்துவ முகாமில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு உயரம், எடை, கண், பல் எல்லாம் பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் டாக்டர் பையனிடம், "எப்படியப்பா இருக்கே?" என்று கேட்டால் பதில் அம்மாவிடமிருந்து வருகிறது: "நல்லாத்தான் இருக்கான் டாக்டர், சரியாச் சாப்பிடறதில்லை, அவ்வளவுதான்." பையன் சுவரைப் பார்த்தபடி நிற்கிறான். இது மாற வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நோயில்லாமல் இருப்பது மட்டுமே ஆரோக்கியம் ஆகாது, உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் நலமாயிருக்க வேண்டும் என்கிறது, 1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம். இதை அளக்கவும் வழியுண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் வார்னி குழுவினர் உருவாக்கிய 'பெட்ஸ்க்யூஎல்' வினாத்தாளில் 23 கேள்விகள். உடலைப் பற்றி 8. மனநிலை, நட்பு, பள்ளி பற்றித் தலா 5. கடந்த ஒரு மாதத்தில் ஓடச் சிரமம் இருந்ததா, தூக்கம் கெட்டதா, மற்றவர்கள் கேலி செய்தார்களா என்ற தினுசில் போகும். விடைகளை 0 முதல் 100 வரை மதிப்பெண்ணாக மாற்றுவார்கள். 13 முதல் 18 வயதினருக்கு ஒரு தாள், அவர்களுடைய பெற்றோருக்கு இன்னொரு தாள்.

இந்த இரண்டாவது தாளில்தான் விஷயமே இருக்கிறது. ஓட்டம், நடை போன்று கண்ணுக்குத் தெரிபவற்றில் இரு தாள்களும் ஓரளவு ஒத்துப்போகும். பயம், துக்கம் என்று வந்தால் விலகிவிடும்.

ரயில்வேயில் 'ஸ்பெர்லிங் குறியீடு' என்று ஒன்று உண்டு. ஓடும் பெட்டியின் அதிர்வை அளந்து போடும் கணக்கு. பயணிகள் பெட்டிக்கு 3.5-ஐத் தாண்டக் கூடாது. சக்கரமும் தண்டவாளமும் சரியா என்பதோடு நில்லாமல், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக ஏற்பட்டது அது. பிள்ளைகள் விஷயத்தில் நாம் இன்னும் சக்கரத்தையே தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தில்லிக் குளிர்காலப் புகையில் ஆஸ்துமாவோடு வளரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். டாக்டரிடம் ஊதிக் காட்டும் அளவு சரியாகவே இருக்கலாம். வகுப்பில் இன்ஹேலரை எடுக்க வெட்கப்பட்டு, விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறானா என்பது அந்த ஊதலில் தெரியாது.

நம் வீடுகளில் மொழிச் சிக்கல் வேறு. பத்தாம் வகுப்புப் பெண் அம்மாவிடம் தமிழில் பேசுவாள். மனக்கஷ்டத்தைத் தோழியிடம் சொல்வதோ ஹிந்தியில். தமிழ்ச் சங்கத்து முகாம் என்பதற்காகத் தமிழ்த் தாளையே நீட்ட வேண்டாம். அவளுக்கு எந்த மொழி சுலபமோ அதில் எழுதட்டும். தாத்தா, பாட்டி ஊரில் இருந்துவிட்ட குடும்பங்களில், பெற்றோரை விட்டால் காது கொடுக்க வேறு யாரும் இல்லை.

மதிப்பெண் குறைந்தால் இன்ன நோய் என்று அர்த்தமில்லை. டாக்டர் உட்கார்ந்து பேச வேண்டிய பிள்ளை யார் என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவே. நம்மவர்களுக்கு மார்க் என்றாலே ஒரு வெறி! "எதிர் ஃபிளாட் பையனுக்கு 92, உனக்கு ஏன் 70?" என்று இதிலும் ஆரம்பித்தால் காரியம் கெட்டது. ஆகவே பிள்ளையின் தாளை டாக்டர் மட்டுமே பார்க்க வேண்டும். இதைப் பிள்ளைக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்த வினாத்தாளுக்கு உரிமை உண்டு. முறைப்படி அனுமதி பெற வேண்டியிருக்கும். நம் உறுப்பினர்களில் டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பொறுப்பேற்றுக் கடிதம் எழுதலாம். செயற்குழு செய்ய வேண்டியது, அடுத்த முகாமில் ஒரு தனி அறையும் நான்கு மேஜைகளும் ஒதுக்குவது. பெற்றோர் தங்கள் தாளை வராந்தாவில் உட்கார்ந்து நிரப்பட்டும்.