தீயணைக்கும் வண்டிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

வீடு பற்றி எரிகிறபோது கிணறு வெட்டுகிறவனைப் பார்த்து நம்மில் சிரிக்காதவர் கிடையாது. ஆனால் உலகத்திலேயே பெரிய பணக்கார நாடு என்று பேர் வாங்கிய அமெரிக்காவில், நகரசபைகள் பல செய்து வருவது ஏறக்குறைய அந்தக் காரியந்தான் என்று சொன்னால் நம்புவீர்களா?

2025-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலும் அதையடுத்த ஊர்களிலும் தீ புகுந்து 16,000-க்கு மேற்பட்ட கட்டிடங்களைச் சாம்பலாக்கிற்று. சுமார் 30 பேர் மாண்டார்கள். அந்தச் சமயத்தில் அந்நகரத் தீயணைப்பு இலாகாவின் வண்டிகளில் 100-க்கு மேற்பட்டவை ஓட முடியாமல் ரிப்பேருக்காகக் காத்துக்கிடந்தன. பழுது பார்க்கப் போதுமான மெக்கானிக்குகள் இல்லை என்று இலாகாவின் தலைமை அதிகாரியே வெளிப்படையாய்ச் சொன்னார். அவ்வளவு வண்டிகளும் ஓடியிருந்தால் தீ அணைந்துதான் போயிருக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. அன்று அடித்த காற்றுக்கு எத்தனை வண்டி இருந்தாலும் பற்றாது என்பார் உண்டு. அது மெய்யாகவும் இருக்கலாம். நாம் கேட்பது வேறு. வண்டி கிழடாவது என்பது காற்றைப் போலத் திடீரென்று வந்து விழுகிற சங்கதியா?

அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இதற்கு ஒரு யோசனை சொல்லி வைத்திருக்கிறது. 15 வருஷம் ஓடிய வண்டியை முன்வரிசை வேலையிலிருந்து எடுத்து, அவசரத்துக்கு உதவும் மாற்று வண்டியாக வைத்துக்கொள்ள வேண்டியது. 25 வருஷம் ஆனால் அடியோடு கழித்துவிட வேண்டியது. ஆகவே வண்டி வாங்குகிற அன்றைக்கே அதன் ஆயுள் முடிகிற காலம் தெரிந்துபோகிறது. இதற்கு ஜோசியரையும் ஜாதகத்தையும் தேடிப்போக வேண்டிய அவசியமில்லை, காலண்டர் ஒன்று இருந்தால் போதும்!

ஒரு நகரத்தில் 20 வண்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 20 வருஷம் ஆயுள் என்று கணக்குப் போட்டால் வருஷத்துக்கு ஒரு வண்டி வாங்கவேண்டும். அவ்வளவுதான் கணக்கு. நம் கிராமத்துக் குடியானவன் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஏர்மாட்டுக்குப் பல் தேய்கிற காலத்திலேயே ஒரு கன்றை வளர்த்துக்கொண்டு வருகிறான். மாடு சேற்றில் விழுந்த பிறகு சந்தைக்கு ஓடினால், தரகன் துண்டுக்குள் கையைவிட்டுச் சொன்னதுதான் விலை என்று அவனுக்குத் தெரியும்.

நகரசபைகள் சந்தைக்கு ஓடிய கதை இதுதான். வரவுசெலவுத் திட்டம் போடும்போது துண்டு விழுந்தால், “இந்த வருஷம் வண்டி வேண்டாம், அடுத்த வருஷம் பார்ப்போம்” என்பார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் மறுநாளே ஜனங்கள் கூச்சல் போடுவார்கள். கொட்டகையில் நிற்கிற வண்டிக்கு வயதானால் யார் கூச்சல் போடுவது? இப்படி ஐந்து வருஷம் தள்ளினால் ஐந்து வண்டிகள் ஒன்றாய்த் தலைமேல் விழுகின்றன. இதற்குள் விலை நிற்குமா? சுமார் பத்து வருஷத்துக்கு முன் ஐந்து லட்சம் டாலருக்குக் கிடைத்த பம்பு வண்டி பத்து லட்சத்துக்கு ஏறிற்று. உயர்ந்த மாடிகளுக்கு ஏணி நீட்டும் வண்டி இருபது லட்சத்தைத் தொட்டது. பணத்தை எண்ணி வைத்தாலும் வண்டி கைக்கு வர இரண்டு வருஷம், மூன்று வருஷம், அதற்கு மேலும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி? இரும்பு விலையும் கூலியும் ஏறிவிட்டன, கொள்ளைநோய்க் காலத்தில் சாமான் தட்டுப்பட்டது என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் முன்னே தனித்தனியாக இருந்த பட்டறைகள் பல, முதலாளிகளின் கூட்டு மூலதனத்தால் வாங்கப்பட்டு ஒன்றாக்கப்பட்டதும் உண்மை. ரெவ் குரூப் என்னும் கம்பெனி 2016 முதல் 2020-க்குள் கே.எம்.ஈ., ஃபெராரா, ஸ்பார்ட்டன் ஆகிய மூன்றையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. தொழிலில் பெரும்பகுதி இரண்டு மூன்று பெரிய கம்பெனிகளிடம் சேர்ந்துவிட்டதென்று தீயணைப்புத் தொழிலாளர் சங்கம் முறையிட்டது. 2025 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாகாணத்து லா கிராஸ் நகரம், கம்பெனிகள் கூடிப் பேசி விலையை ஏற்றிவிட்டன என்று கோர்ட்டுக்குப் போயிற்று. செப்டம்பரில் அந்நாட்டு செனட் சபையும் விசாரித்தது. நாங்கள் அப்படிச் செய்யவில்லை என்று கம்பெனிகள் மறுத்தன. தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் அவசரக்காரனாய் வந்து நிற்கிறவனிடம் வியாபாரி எப்படி நடந்துகொள்வான் என்பதற்குத் தீர்ப்பு வேண்டுமோ?

சரி, பணத்துக்கு என்ன வழி செய்கிறார்கள்? ஒன்று, கடன் பத்திரம். பல இடங்களில் வோட்டர்களின் சம்மதம் கேட்டு வெளியிட்டு, சொத்து வரியிலிருந்து வட்டியும் முதலும் கட்டுகிறார்கள். கட்டிடத்துக்கு இது பொருந்தும். 15 வருஷத்தில் பின்வரிசைக்குப் போகிற வண்டிக்கு 20 வருஷக் கடன் வாங்கினால், வேலைக்கு ஆகாத மாட்டுக்கு வட்டி கட்டுவது போலாகும். மற்றொன்று, தவணைக் குத்தகை. ஏழெட்டு வருஷம் பணம் கட்டி முடித்தால் வண்டி நகரத்துக்குச் சொந்தம். வட்டிக்காரனுக்கு இது நல்ல வழி. மூன்றாவது, மத்திய சர்க்கார் 2001 முதல் கொடுத்துவரும் மானியம். 20,000 பேர்வரை உள்ள ஊர் நூற்றுக்கு 5, பத்து லட்சம் வரை 10, அதற்கு மேல் 15 என்று தன் பங்கு போட்டால் மிச்சத்தை சர்க்கார் தரும். ஆனால் மனுப்போட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காது. இந்த வருஷம் கிடைத்தால் அடுத்த வருஷம் கிடைக்குமென்று நிச்சயமுமில்லை.

புத்தியுள்ள நகரங்கள் செய்வது நான்காவது வழி. தீயணைப்பு இலாகா தன் வண்டிகளுக்கு வருஷாவருஷம் வாடகை கொடுப்பது போல் ஒரு தனி நிதியில் பணம் கட்டிக்கொண்டு வரவேண்டும். வண்டி தேய்வதற்கு ஈடாக நிதி வளர்கிறது. கழிக்கிற நாளில் ரொக்கம் கையில் இருக்கிறது. வட்டி மிச்சம், பேரம் பேசவும் தைரியம் உண்டு. இதிலும் ஒரு கெடுதல் இல்லாமலில்லை. தேர்தல் வருஷத்தில் வரியைக் குறைத்துக் காட்ட ஆசைப்படுகிற கவுன்சிலர்கள் முதலில் கைவைப்பது அந்த உண்டியலில்தான்! அதை வேறு செலவுக்குத் தொடக்கூடாதென்று சட்டம் செய்துவைக்காத ஊரில் நிதி என்பது பெயரளவில்தான்.

இன்னொரு விஷயம். அங்கே இன்ஷூரன்ஸ்காரர்களுக்காக ஒரு ஸ்தாபனம் ஒவ்வொரு ஊரின் தீயணைப்பு வசதியையும் பார்த்து 1 முதல் 10 வரை வகுப்புப் போடுகிறது. வண்டியும் தண்ணீரும் சரியாயிருந்து நல்ல வகுப்பு கிடைத்தால் சொத்துக்காரர் கட்டும் பிரீமியம் பெரும்பாலும் குறைகிறது. ஆகவே வண்டிக்கு வரி கேட்டால் “ஐயோ, பாரம்” என்று முதலில் கத்துகிற மாளிகைக்காரரே அதனால் லாபமடைகிறவர். குடக்கூலிக்காரனோ அந்த வரியையும் வாடகையோடு சேர்த்துக் கொடுக்கிறான். தீ வந்தால் மாளிகைக்கு இன்ஷூரன்ஸ் பணம் வரும். அவனுடைய பெட்டிக்கும் பாய்க்கும் எந்தக் கம்பெனி பணம் கொடுக்கும்?

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று சொல்ல இடமில்லை. நம் தமிழ்நாட்டில் இந்த வேலை நகரசபையிடம் இல்லை, மாநில சர்க்கார் இலாகாவிடம் இருக்கிறது. 15 வருஷமான சர்க்கார் வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு கிடையாதென்று இந்திய சர்க்கார் உத்தரவு போட்டது. ராணுவம், சட்டம் ஒழுங்கு முதலியவற்றுக்கான விசேஷ வண்டிகளுக்கு விலக்கு எழுதினார்கள், தீயணைப்பு வண்டிக்கு எழுதவில்லை. அதே வருஷம் தீயணைப்புப் படைகளைப் புதுப்பிக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டமும் வந்தது. பெரும்பாலான மாநிலங்கள் அதில் நூற்றுக்கு 25 தம் பங்காகப் போடவேண்டும். அந்தப் பணத்தில் வாங்குகிற வண்டிகளுக்கும் 15 வருஷந்தான் ஆயுள். அதற்குப் பிறகு வாங்குவதற்கு இன்றைக்கே வருஷத்துக்கு இவ்வளவு என்று எந்தக் கணக்கில் எழுதி வருகிறார்கள் என்பதை, வரவுசெலவுத் திட்டம் வருகிறபோது நம் சட்டசபை அங்கத்தினர்களில் ஒருவராவது எழுந்து கேட்கட்டுமே.