தாயின் பங்கு எங்கே?



2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு வழங்கிய தீர்ப்பு ஒன்று நம் அன்பியக் கூட்டங்களில் பேசப்பட வேண்டியது. நாகப்பட்டினத்தில் முதிய தாய் ஒருவர், மூன்று மகள்கள் இருக்க, தம் ஒரே மகனுக்குச் சொத்தைச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். கடைசிவரை தம்மைக் கவனித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு. மகன் இறந்துபோனார். அதன்பின் மருமகள் தம்மைக் கவனிக்கவில்லை என்று அத்தாய் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தார். பத்திரம் ரத்தானது. மருமகள் உயர் நீதிமன்றம்வரை சென்றும் அந்த ரத்து நிலைத்தது. "கவனித்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்தில் எழுதப்படாவிட்டாலும், அன்பினால் கொடுத்த கொடையில் அது அடங்கியே இருக்கிறது என்றது நீதிமன்றம்.

செய்தித்தாளில் இதைப் படித்த பலரும் "காலம் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்போம். ஆனால் நமது திருநகரைச் சுற்றிலும் இந்த வேலை தினமும் நடக்கிறது. திருப்பரங்குன்றம், தோப்பூர், திருமங்கலம் என்று சாலையின் இரு பக்கமும் நேற்றுவரை நஞ்சையாகக் கிடந்தவை இன்று கல் ஊன்றிய மனைகள். தோப்பூரில் 2019 ஜனவரியில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியபின் அப்பக்கத்து நிலத்தின் மேல் எல்லாருக்கும் கண். ஏக்கர் கணக்கில் பேசியவர்கள் இப்போது சென்ட் கணக்கில் பேசுகிறார்கள். அப்பா இறந்து பத்து வருடம் சும்மா கிடந்த நிலத்துக்குத் திடீரென்று பாகப்பிரிவினை அவசரம் வந்துவிடுகிறது. "அம்மா, இருக்கும்போதே எழுதிக் கொடுத்துடுங்க" என்று பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும். அம்மா எதை எழுதிக் கொடுக்கப்போகிறார்? எது அவருடையது?

கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். கணவர் உயில் எழுதாமல் இறந்து, பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வேறுபாடு கிடையாது. மூன்று ஏக்கர் நிலம், இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு ஒரு ஏக்கர். பிள்ளைகள் நால்வருக்கும் தலைக்கு 50 சென்ட். கணவர் கண்ணை மூடிய அன்றே இது இப்படிப் பிரிந்துவிட்டது. பட்டா அம்மா பெயருக்கு மாறியிருப்பதால் மட்டும் மூன்று ஏக்கரும் அவருடையதாகிவிடாது. அவர் தம் பெயரில் வாங்கிய நிலமாகவோ, பிறந்த வீட்டிலிருந்து வந்த நிலமாகவோ இருந்தால் முழுவதும் அவருடையது. கணவரிடமிருந்து வந்ததென்றால் அவர் மனம்போல் கொடுக்கக்கூடியது அந்த ஒரு ஏக்கர்தான்.

நடைமுறை என்ன? நிலம் முழுவதும் மகன்களுக்கு என்று பேசி முடித்துவிடுகிறார்கள். மகள்களைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்லி, "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். "அவளுக்குத்தான் நகை போட்டோமே" என்பது நியாயம். நம் சட்டத்தின் 49-ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது: தந்தை உயிரோடு இருந்தபோது ஒரு பிள்ளைக்குச் செய்ததை, உயிலில்லாமல் விட்டுப்போன சொத்தைப் பிரிக்கும்போது கணக்கில் கழிக்கக் கூடாது. மகளின் நகையைக் கணக்கெடுப்பவர்கள் மகனின் என்ஜினியரிங் கல்லூரிச் செலவை ஏன் எடுப்பதில்லை என்று நாம் கேட்பதில்லை!

கேரளத்தில் மேரி ராய் இதைக் கேட்டார். திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிறிஸ்தவ மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது. விதவைத் தாய்க்கோ நிலத்தை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. மதுரைப் பக்கத்தில் அப்படியொரு சட்டமே இருந்ததில்லை. ஆனாலும் அந்தச் சட்டப்படியேதான் நம்மில் பல குடும்பங்கள் நடந்துகொள்கின்றன. எண்ணிக்கை நூல் 27-ஆம் அதிகாரத்தில் செலொபுகாதின் ஐந்து புதல்வியர் மோசேயின் முன்வந்து நின்று தந்தையின் நிலத்தைக் கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரியே என்று ஆண்டவர் சொன்னார். விவிலியத்தில் இதைப் படிக்கும் நாம், வீட்டில் மகள் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

மகள்களுக்குப் பங்கு வைத்தால் நிலம் துண்டுதுண்டாகிவிடும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. 1970-71 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரி 1.45 ஹெக்டேர். 2015-16-இல் அது 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இன்னும் பிரித்தால் உழவு இயந்திரம் திரும்பக்கூட இடமிருக்காது. ஆனால் நிலத்தைத் துண்டாக்காமல் மகளுக்கு உரியதைக் கொடுக்க முடியும். ஒருவர் பயிர் செய்யட்டும், குத்தகையில் மற்றவர்களுக்குப் பங்கு போகட்டும். அல்லது உழுகிறவர் மற்றவர்கள் பங்குக்கு நியாயமான விலையைக் கொடுக்கட்டும். பிரித்தே ஆகவேண்டுமென்றால் சென்ட் மட்டும் பார்த்தால் போதாது. சாலையோரத்து 50 சென்ட்டும் கண்மாய்க்கரை ஓரத்து 50 சென்ட்டும் ஒன்றா? கிணறு யார் பங்கில் விழுகிறது, மோட்டார் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, வாய்க்கால் தண்ணீர் யார் வயல் வழியே வரும், வண்டிப்பாதை எது என்பதெல்லாம் பத்திரத்தில் ஏறவேண்டும். அண்ணன் தம்பி பேசாமல் போன பல வீடுகளில் சண்டை நிலத்துக்காக அல்ல, கிணற்று முறைக்கும் பத்தடிப் பாதைக்கும்தான். மூத்தவர் பங்கு பிரிக்க, இளையவர் முதலில் எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கம் எவ்வளவோ மேல். பிரிக்கிறவர் தாமாகவே சரியாகப் பிரித்துவிடுவார்.

ஆனால் இந்தப் பேச்சில் எல்லாம் காணாமல் போவது தாயின் அந்த ஒரு ஏக்கர். பிள்ளைகள் பங்கு பேசும்போது அது யார் வாயிலும் வருவதில்லை. "அம்மாவுக்கு எதுக்கு? நாங்க இல்லையா?" என்ற ஒரு வார்த்தையில் அது கரைந்துவிடுகிறது. பிறகு ஆறு மாதம் இந்த வீடு, ஆறு மாதம் அந்த வீடு என்று அம்மாவும் பங்கு பிரிக்கப்படுகிறார். சீராக்கின் ஞானம் 33-ஆம் அதிகாரம் இதில் மிகக் கண்டிப்பாகப் பேசுகிறது. உயிர் உள்ளவரை சொத்தைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னர் கெஞ்சும் நிலைக்கு ஆளாகாதே என்றும், பிரித்துக் கொடுப்பதை வாழ்நாளின் இறுதிக்கு வைத்துக்கொள் என்றும் அந்த ஞானி அறிவுறுத்துகிறார். பிள்ளைகள்மேல் நம்பிக்கையில்லாத பேச்சாக இது தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் ஒரு ஏக்கர் உள்ள தாயிடம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். அது அவர்களுக்கும் நல்லது.

ஆகவே அம்மாக்களே, உங்கள் பங்கை உயிலாக எழுதுங்கள். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், செட்டில்மெண்ட் அப்படியல்ல. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் போதும், பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் சொத்துப் பெறுகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடும். அருகில் நிற்கிற மருமகனைச் சாட்சியாக்குவது நம் பக்கத்து வழக்கம், கவனமாக இருங்கள். (கோவிலுக்குக் கொஞ்சம் எழுத வேண்டும் என்று சிலர் வருகிறார்கள். முதலில் மகளுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.)

இருக்கும்போதே கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், உணவு, மருந்து, இருப்பிடம் தரவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், 23-ஆம் பிரிவின்படி அது மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி உண்டு. நாகப்பட்டினத்துத் தாய்க்கு எழுதாத நிபந்தனையும் கைகொடுத்தது உண்மை. ஆனால் நிபந்தனை இருந்ததென்று காட்டியாக வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் ஒரு தாயின் பக்கம் தாராளமாகப் பொருள்கொண்டது. எந்த நீதிபதி எப்படிப் பார்ப்பார் என்று காத்திருப்பதைவிடப் பத்திர எழுத்தரிடம் இரண்டு வரி கூடுதலாகச் சொல்வது எளிது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறவர்கள் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வழக்கறிஞர் உதவி இலவசம். தனியாகப் போகத் தயங்குகிறவர்களுடன் அன்பியத்திலிருந்து ஒருவர் துணைக்குச் செல்லட்டும்.