மொழியை நீட்டும் மாக்ரோ: உரிமையும் வரம்பும்

கணிப்பொறி மொழியொன்றைக் கையாளுவோர், அம்மொழியில் இல்லாத வாக்கிய அமைப்புகளைத் தாமே வகுத்துக்கொள்ளலாமா என்பது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் வினாவாகும். சார்புகளையே அடிப்படை உறுப்புகளாகக் கொண்ட லிஸ்ப், ஸ்கீம், ஓகேமல் முதலிய மொழிகளில் இவ்வினா சிறப்பாக எழுகின்றது. அங்கு இப்பணியைச் செய்யும் கருவி மாக்ரோ எனப்படும். நிரல் இயங்குவதற்கு முன்னரே ஒரு சுருக்க வடிவத்தை விரிந்த வடிவமாக மாற்றித் தருவது அதன் தொழில். நிரல் எழுதக் கற்பிக்கும் ஆசிரியரும், பிறர் எழுதிய நிரலைப் பேணும் களப்பணியாளரும் இதன் நன்மை தீமைகளை அறிந்திருத்தல் வேண்டும்.

மாக்ரோவின் தேவையை முற்றிலும் மறுத்தல் இயலாது. ‘வகுக்கும் எண் சுழியாக இருந்தாலன்றி வகுத்தலைச் செய்க’ என்னும் கட்டளையை ஒரு சார்பாக அமைப்பதாகக் கொள்வோம். பெரும்பாலான மொழிகளில், சார்பிற்குத் தரப்படும் உறுப்புகள் யாவும் முதலில் மதிப்பிடப்பட்ட பின்னரே சார்பு தொடங்கும். ஆகவே, நிபந்தனை ஆராயப்படுவதற்கு முன்பே வகுத்தல் நடைபெற்றுப் பிழை விளைந்துவிடும். மாக்ரோவோ மதிப்பைப் பெறாமல் வாக்கியத்தையே பெறுவதால், அதனை எப்போது இயக்குவது என்பதைத் தானே முடிவு செய்யும். இத்தகைய வசதியை லிஸ்ப் மொழியில் சேர்க்கும் திட்டத்தை 1963-இல் டிமதி ஹார்ட் முன்வைத்தார். தேவைப்படும்போது மட்டுமே மதிப்பிடும் ஹாஸ்கெல் மொழியில் இக்கட்டளையைச் சார்பாகவே எழுதிவிடலாம். அதனால் அங்கு மாக்ரோவின் தேவை குறைகின்றது.

எனினும், எழுத்துகளை வெறும் எழுத்துகளாகவே மாற்றிவைக்கும் மாக்ரோ இடர் மிக்கது. ‘இருமடங்கு’ என்பதை ‘எண் + எண்’ என விரிக்கும் மாக்ரோவைக் கருதுக. 3-இன் இருமடங்கை 5-ஆல் பெருக்கினால் விடை 30 ஆதல் வேண்டும். விரிந்த வடிவமோ 3 + 3 × 5 என்றாகி 18 எனத் தரும். வாக்கியத்தின் அமைப்பை அறியாமல் எழுத்துகளை மட்டும் மாற்றியதே பிழைக்குக் காரணமாகும். இதனினும் நுண்ணியது பெயர் மயக்கம். மாக்ரோ தன் பயனுக்காக வைத்துக்கொண்ட பெயரும் பயனர் வைத்த பெயரும் ஒன்றாகிவிடின், ஒன்றன் மதிப்பை மற்றொன்று அழித்துவிடும். இதனைத் தவிர்க்கும் முறை 1986-இல் கோல்பெக்கர் முதலிய நால்வரால் வகுக்கப்பட்டது. 1998-இல் வெளிவந்த ஸ்கீம் மொழியின் வரையறையில் அத்தகைய மாக்ரோ முறை இடம்பெற்றது.

இலக்கணத்தையே மாற்றும் உரிமை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு ஓகேமல் மொழியின் வரலாறு தக்க சான்றாகும். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்த இம்மொழியோடு காம்ல்பி4 என்னும் முன்செயலி பல்லாண்டுகள் வழங்கப்பட்டது. அதனைக் கொண்டு எவரும் புதிய சொற்களையும் வாக்கிய விதிகளையும் மொழியில் நுழைக்கலாம். ஆனால், அவ்வாறு எழுதிய நிரலைப் படிக்க அந்தந்த விரிவாக்கமும் உடன் இருத்தல் வேண்டும். மொழியை அறிந்த பிற கருவிகளுக்கு அந்நிரல் விளங்காது. 2007-இல் அம்முன்செயலி பெரிதும் மாற்றியமைக்கப்பட்டபோது, பழைய விரிவாக்கங்கள் அப்படியே பொருந்தாமல் போயின. பழைய வடிவம் காம்ல்பி5 என்ற பெயரில் தனியே தொடர்ந்தது.

2014-இல் வெளியான ஓகேமல் 4.02 பதிப்பு வேறு வழியைக் கொண்டது. மொழியின் இலக்கணம் நிலையாக நிற்கும். விரிவாக்கம் வேண்டுமிடத்தில் குறிப்பிட்ட அடையாளம் இடப்படும். பாகுபடுத்திய வாக்கிய மரத்தை மட்டுமே விரிவாக்கி மாற்றலாம். இம்முறை பிபிஎக்ஸ் எனப்படும். எல்டபிள்யூடி என்னும் நூலகத்திற்கு முன்னர்த் தனிச்சொல் ஒன்று நுழைக்கப்பட்டிருந்தது. புதிய முறையில் ‘லெட்’ என்னும் பழஞ்சொல்லின் பக்கத்தில் % குறியோடு நூலகத்தின் பெயர் இடப்படுகின்றது. இங்கு ஏதோ விரிவடைகின்றது என்பதைப் படிப்பவர் உடனே உணர்வார். மொழியின் பதிப்பு மாறும்போது மரத்தின் அமைப்பும் மாறுவதால் இம்முறைக்கும் பராமரிப்புச் சுமை உண்டு. மேலும், விரும்பிய வடிவமெல்லாம் இதில் கிடைக்காது எனக் குறை கூறுவோரும் உளர். அக்குறை உண்மையே, ஆயினும், அந்தக் கட்டுப்பாடே படிப்பவருக்குக் காவலாகின்றது.

பழைய தமிழ் ஏடுகளிலும் பதிவேடுகளிலும் ‘மேற்படி’ என்பதற்கு ௸ என்னும் குறியும், வருடத்திற்கு ௵ என்னும் குறியும் வழங்கின. யாவரும் ஒப்பிய குறிகளாதலால் அவை வேலையை எளிதாக்கின. எழுத்தர் ஒவ்வொருவரும் தத்தமக்கெனக் குறிகளை வகுத்திருப்பின், அடுத்து வருபவர் அவ்வேட்டைப் படித்திருக்கவே இயலாது. நிரலின் நிலையும் அதுவே. எழுதியவர் இடம் மாறிச் சென்ற பின்னரும் நிரல் பணியில் இருக்கும். அன்று அதனைத் திருத்துபவர் வேறொருவர்.

ஆகவே, சார்பால் இயலுவதற்கு மாக்ரோவை நாடாதிருத்தல் முதல் விதியாதல் வேண்டும். இன்றியமையாத இடத்தில், அடையாளம் வெளிப்படத் தெரியும் முறையையே கொள்க. வகுப்பில் மாக்ரோவைக் கற்பிக்கும் ஆசிரியர், அதன் விரிந்த வடிவத்தையும் கரும்பலகையில் எழுதிக்காட்டுதல் நன்று. தான் எழுதிய சுருக்கத்தை விரித்துச் சொல்ல இயலாத மாணவர், அதனைப் பயன்படுத்தும் தகுதியை இன்னும் பெறவில்லை எனக் கொள்ளலாம்.